1964ஆம் ஆண்டுச் சூறாவளி: ஓரிரவின் அழிவும் ஒரு தலைமுறையின் மீட்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் மன்னரின் ஆட்சியையும் படைகளின் மோதலையும் கோயில்களின் எழுச்சி வீழ்ச்சிகளையும் விரித்துரைப்பர். காற்றும் கடலும் அந்நாட்டு மக்களுக்கு இழைத்தவற்றை அவ்வளவு விரிவாக உரைப்பார் அரியர். ஆயினும், உழவரும் மீனவரும் வாழும் கீழ்க்கரை ஊர்களில், ஆட்சி மாறிய நாளைக் காட்டிலும் காற்று மாறிய நாளே மக்கள் வாழ்க்கையை மிகுதியாக மாற்றியதுண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் திருகோணமலைக் கரையைக் கடந்த பெருஞ்சூறாவளி அத்தகைய நாளொன்றைக் கொணர்ந்தது. அதனைத் தம்பலகாமத்தின் நிலையிலிருந்து நோக்கி, ஓரிரவின் அழிவிலிருந்து மீள்வதற்கு ஓர் உழவர் ஊருக்கு எவ்வளவு காலம் வேண்டும், அம்மீட்சிக்கு எவையெவை துணையாகும் என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தம்பலகாமம் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே அமைந்த மருதநிலம். அதன் ஒருபுறத்தே தம்பலகாமக் குடா கிடக்கின்றது. ஆழமற்ற இக்குடா கிண்ணியாவின் அருகேயுள்ள குறுகிய வாயிலாற் கடலோடு தொடர்புடையது. மறுபுறத்தே கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள் பரந்துள்ளன. அக்குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்பது இம்மாவட்டத் தமிழர் மரபு. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் அமைத்தான் என்பது பாளி நூல்வழி வந்த கொள்கை. போர்த்துக்கேயர் 1624ஆம் ஆண்டளவிற் கோணேசர் கோயிலை இடித்தபின், அத்தெய்வத்துக்கு இடந்தந்து பேணிய பெருமை தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலைச் சாரும். எனவே, ஒருமுறை பேரழிவைக் கண்டு, எஞ்சியதைக் காத்து வைத்த ஊர் என்னும் நினைவு இவ்வூரின் வரலாற்றிலே ஏற்கெனவே பதிந்துள்ளது. சுவாமிமலையிற் கோணேசர் கோயில் புதிதாக எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். அதன்பின் இரண்டாண்டு நிறைவதற்குள் சூறாவளி வந்தது.

சூறாவளிகள் வங்கக் கடலில் ஏன் பிறக்கின்றன, இலங்கையை ஏன் அருகியே தாக்குகின்றன என்பதை ஈண்டு அறிதல் வேண்டும். வெம்மையான கடற்பரப்பினின்றும் எழும் நீராவியே சூறாவளிக்கு உணவு. அந்நீராவி மேலெழுந்து குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் மேலும் உள்ளிழுக்கின்றது. உள்நோக்கி விரையும் காற்றைச் சுழலச் செய்வது பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டை அடுத்த ஐந்து பாகை அளவில் இச்சுழற்சியின் விளைவு மிகவும் நலிந்தது. ஆகவே ஆங்குச் சூறாவளி தோன்றுதல் அரிது. இலங்கை அவ்வெல்லைக்குச் சற்றே வடக்கில் அமைந்துள்ளமையால், பெரும்பாலான புயல்கள் அதன் வடகிழக்கே பிறந்து தமிழ்நாட்டுக்கோ ஆந்திரத்துக்கோ ஒரிசாவுக்கோ வங்காளத்துக்கோ செல்கின்றன. நவம்பர், டிசம்பர் மாதங்களில் மட்டும் அவற்றின் பிறப்பிடம் தெற்கே தாழ்ந்து வருதலால், கீழ்க்கரைக்கு இடர் நேர்கின்றது. அடிக்கடி வராத பகை ஆதலின் மக்கள் அதனை மறந்துவிடுகின்றனர். மறந்த பின்னர் வருதலாலேயே அதன் கொடுமை மிகுகின்றது.

1964ஆம் ஆண்டுச் சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மிகத் தாழ்ந்த அகலக்கோட்டிற் பிறந்தது. டிசம்பர் 17ஆம் நாளளவில் அந்தமான் கடலின் தென்பகுதியில் ஒரு தாழமுக்கமாக அது உருவாயிற்று. 19ஆம் நாள் கடும்புயலாக வலுப்பெற்றது. 21ஆம் நாளின்பின் நாளொன்றுக்கு 400 முதல் 550 கிலோமீற்றர் வரையான விரைவில் ஏறக்குறைய நேர்கோடாக மேற்கு நோக்கி விரைந்தது. 22ஆம் நாள் திருகோணமலையை அடுத்துக் கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீற்றர் என மதிப்பிடப்பட்டது. அது மார்கழி மாதம். திருவாதிரைத் திருநாள் கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. வயல்களிற் பெரும்போகப் பயிர் நின்றது. மாரி மழையால் நிலம் ஏற்கெனவே நனைந்து, மரங்களின் வேர்ப்பிடி தளர்ந்திருக்கும் காலமும் அதுவே.

நமது பகுதியிற் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். மையம் கிழக்கிலிருந்து மேற்கே செல்லுமாயின், அதன் பாதையில் உள்ள ஊருக்கு முதலில் வடகாற்று வரும். மையம் தலைக்குமேல் வரும்போது காற்று முற்றாக ஓயும், வானம் வெளிக்கும். அறியாதோர் புயல் நீங்கியதென்று எண்ணி வெளியே வந்து, சிதறிய பொருள்களைப் பொறுக்கவும் ஆடுமாடுகளைத் தேடவும் தொடங்குவர். சிறிது நேரத்தில் தெற்கிலிருந்து முன்னினும் கொடிதாகக் காற்று வீசும். முதற்காற்றால் ஆட்டங்கண்ட சுவரும் மரமும் எதிர்க்காற்றாற் சாய்வன. உயிரிழப்புக்குக் காற்றின் வேகத்தோடு இவ்வறியாமையும் காரணமாகும். பாதைக்கு வடக்கேயுள்ள கரைகளிற் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுதலால் கடலும் உடன்வந்து ஏறும். குடாக்களில் இவ்வேற்றம் வாயிலின் வழியே புகுந்து, தாழ்நிலங்களில் உவர்நீரைப் பரப்பும்.

அக்காலத்துக் கிராம வீடு இத்தகைய காற்றுக்கென அமைக்கப்பட்டதன்று. மண்சுவர், காட்டுமரக் கைமரம், கிடுகுக் கூரை, அல்லது வைக்கோற் கூரை என்பனவே அதன் உறுப்புகள். வெயிலுக்கு இதம் தருவதும், செலவு குறைந்ததும், குடும்பத்தார் தாமே வேயத்தக்கதுமான இவ்வீடு நாட்டின் தட்பவெப்பத்துக்கு மிகப் பொருத்தமானது. ஆயினும் காற்று இறவாரத்தின்கீழ் நுழைந்தவுடன் கூரை மேலெழும்பும். கூரை போனதும் மழை மண்சுவரைக் கரைக்கும். கற்சுவரும் ஓடும் உடைய கட்டடங்கள் ஊருக்குச் சிலவே. கோயில் மண்டபமும் பள்ளிக்கூடமுமே பலருக்குப் புகலிடமாகும். இராமேசுவரத்தில் அவ்விரவு நூற்றுக்கணக்கானோர் இராமநாதசுவாமி கோயிலில் அடைக்கலம் புகுந்தனர் என்பதும், கடல்நீர் கோயிலின் அருகே வந்து நின்றுவிட்டது என்பதும் யாவரும் அறிந்த செய்திகள்.

திருகோணமலையைத் தாக்கிய சூறாவளி வன்னிப் பெருநிலத்தைக் கடந்து, பாக்குநீரிணையில் மீண்டும் கடலைச் சேர்ந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. ஏழு மீற்றர் உயரம் எழுந்ததாகச் சொல்லப்படும் கடற்பேரலை, தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற புகையிரதத்தை அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் விழுங்கிற்று. பாம்பன் பாலத்தின் 126 இரும்பு விட்டங்கள் கடலில் வீழ்ந்தன. இரு நாடுகளிலும் மாண்டவர் ஏறத்தாழ 1,800 பேர் எனக் கணக்கிடப்படுவர். சென்னை அரசு தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமென அறிவித்தது.

இதனால் நேர்ந்த ஒரு விளைவு வரலாற்று மாணவர் கருதத்தக்கது. அந்நாளில் வங்கக் கடற்புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் இல்லை. அவ்வழக்கம் 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. ஆகவே புயல்கள் தாம் அழித்த ஊரின் பெயரையே பெற்றன. 1964ஆம் ஆண்டுச் சூறாவளி தமிழுலகிற் 'தனுஷ்கோடிப் புயல்' ஆயிற்று. ஒரு நகரம் முழுவதும் மறைந்ததும், ஒரு புகையிரதம் கடலில் அமிழ்ந்ததும் எவர் நெஞ்சையும் உருக்குவன. அப்பெயர் நிலைத்தது வியப்பன்று. ஆனால், அதே புயலை முதலில் எதிர்கொண்ட கரை அப்பெயரில் இடம்பெறவில்லை. எழுதப்பட்ட துயரமே வரலாறாகின்றது. எழுதப்படாத துயரம் அதனை அனுபவித்தோரின் ஆயுளோடு முடிந்துவிடுகின்றது.

இனி மீட்சியை நோக்குவோம். அப்போது நாட்டின் ஆட்சிநிலை உறுதியுடையதாக இருக்கவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் டிசம்பர் 3ஆம் நாள் ஒரே வாக்கினாற் பாராளுமன்றத்தில் தோல்வியுற்றது. அதனையடுத்துப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. சூறாவளி வந்து சரியாக மூன்று மாதங்களின்பின், 1965 மார்ச் 22ஆம் நாளிலேயே பொதுத்தேர்தல் நடைபெற்றது. ஊர்மட்டத்திலும் அது மாற்றக் காலமே. நெடுங்காலம் நிலவிய விதானை முறை 1963இல் ஒழிக்கப்பட்டு, கிராம சேவகர் பதவி புதிதாக ஏற்பட்டிருந்தது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின்வழி அமைந்த பயிர்ச்செய்கைக் குழுக்களும், 1957 முதற் பரவிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இளமைப் பருவத்தில் இருந்தன. பயிர்க் காப்புறுதிச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டதாயினும் அதன் பயன் எல்லா ஊர்களுக்கும் எட்டியிருக்கவில்லை. எனவே, அரசின் கை நீளுமுன் ஊரின் கையே முதலில் நீளவேண்டியிருந்தது.

சூறாவளிக்குப்பின் ஓர் உழவர் ஊர் செய்யவேண்டிய பணிகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள்களில் வழிமறித்துக் கிடக்கும் மரங்களை வெட்டி அகற்றல், இறந்த கால்நடைகளைப் புதைத்தல், குடிநீர் தேடல், நனைந்த நெல்லைக் காயவைத்தல் என்பன நிகழும். ஈரமேறிய நெல் இரண்டு மூன்று நாள்களில் முளைவிடும். பின்னர் அது உணவுக்கும் உதவாது, விதைக்கும் உதவாது. ஆதலால் மழை விட்ட சிறுபொழுதில் நெல்லை உலர்த்துதல் காயம்பட்டோர்க்கு மருந்திடுதலை அடுத்த கடமையாகும். கூப்பன் புத்தகத்தை இழந்தவர்க்குப் பங்கீட்டு அரிசியைப் பெறுதலும் இடர்ப்பாடே. வீட்டோடு கடதாசியும் போய்விடும்போது, இன்னார் இன்ன வீட்டினர் என்று சான்று பகர்வது அயலாரின் வாய்மொழியே.

அடுத்தது கூரை. ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. வீழ்ந்த தென்னைகளின் ஓலையே முதற்கூரைக்குக் கிடுகாகும். ஆகவே அழிவுக்குப் பிந்திய சில வாரங்களில் ஓலைக்குக் குறைவில்லை. ஊரில் எங்கும் கிடுகு பின்னுதல் நடைபெறும். ஆயின் கிடுகு ஓரிரண்டு ஆண்டே நிலைக்கும். மறுமுறை வேய வேண்டியபோது ஓலை தர மரம் இல்லை. சூறாவளியின் இரண்டாம் அடி இவ்வாறு ஈராண்டு கழித்து, ஓசையின்றி விழுகின்றது. உதவிப் பணம் வழங்குவோர் அப்போது ஊரைவிட்டு நீங்கிவிடுவர்.

குடாவை அடுத்த நிலங்களிலும் கிணறுகளிலும் உவர்நீர் புகுமாயின் அதன் தீமை மேலும் நீளும். கிணற்றை உடனே இறைத்துத் தூய்மை செய்வோம் என்பது எவர்க்கும் தோன்றும் எண்ணம். ஆனால் மணற்பாங்கான கரையில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அளவுகடந்து இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலெழும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் கீழ்க்கரைக் கிணறுகளில் இவ்வுண்மை ஆய்வாளராற் கண்டறியப்பட்டது. மழையே நிலத்தைக் கழுவும். குளத்து நீர் உள்ள வயலில் நீரைக் கட்டியும் வடித்தும் உப்பைப் போக்கலாம். தம்பலகாமத்துக்குக் கந்தளாய் நீர் இவ்வகையிற் பெருந்துணை.

மீட்சிக் காலம் பயிருக்குப் பயிர் வேறுபடும். இளம் நெற்பயிர் காற்றுக்கு வளைந்து மீண்டும் நிமிரும். நீர் நெடுநாள் தேங்கினாலன்றி முழுதும் அழியாது. அழிந்தாலும், விதையும் நீரும் கிடைப்பின் சிறுபோகத்திலேனும் அடுத்த பெரும்போகத்திலேனும் வயல் பசுமையுறும். கால்நடைகளின் இழப்பு அதனினும் நெடியது. சேற்றை உழக்கவும் சூடு மிதிக்கவும் எருமையை நம்பியிருந்த அந்நாளில், மந்தையை இழந்த உழவன் அடுத்த போகத்து உழவையும் இழந்தவனாவான். மந்தை பெருகச் சில ஆண்டுகள் வேண்டும். தென்னை நட்டு ஆறேழு ஆண்டின் பின்னரே காய் தரும். முழுப்பயன் தர மேலும் சில ஆண்டாகும். பனையோ பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்டே பயன்படும். ஆகவே 1964இல் வீழ்ந்த பனைக்கு ஈடாக ஒருவன் விதை ஊன்றினால், அதன் பயனைத் துய்ப்பவன் அவனுடைய மகனே. சூறாவளியின் அளவை அதன் வேகத்தால் மட்டும் கணித்தல் போதாது; அதன்பின் கழிந்த ஆண்டுகளாலும் கணித்தல் வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

இழந்தவற்றுள் மீட்கப்பட்டனவும் மீட்கப்படாதனவும் உள. பாம்பன் பாலம், பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில், கடலடியிற் கிடந்த விட்டங்களையே தூக்கியெடுத்துப் பொருத்தி 46 நாள்களிற் சீராக்கப்பட்டது. இரும்பு விரைவில் மீண்டது. ஆனால் 1914 முதற் சென்னையையும் கொழும்பையும் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியே இணைத்த பழைய பாதை மீளவில்லை. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. 1980களின் போர்ச் சூழலில் அதுவும் நின்றது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி தாயகம் அனுப்பப்படவிருந்த மலையகத் தமிழரின் வழியிலேயே, இரண்டு மாதம் நிறையுமுன் இவ்வழிவு நேர்ந்தமையும் நினையத்தக்கது.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1978 நவம்பர் 23ஆம் நாள், மட்டக்களப்பை வேறொரு சூறாவளி தாக்கிற்று. 915 பேர் மாண்டனர். ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் இடருற்றனர். இரண்டரை லட்சமளவான வீடுகள் சேதமடைந்தன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. ஒரே கீழ்க்கரையில், ஒரு தலைமுறைக்குள், இரு பேரழிவுகள் நேர்ந்தன. முதலாவது இரண்டாவதற்குப் பாடமாக அமைந்திருக்க வேண்டும். பாடம் ஆவதற்கு அது முதலில் ஏட்டில் ஏறியிருத்தல் வேண்டும்.

நினைவு எவ்வாறு உயிர்காக்கும் என்பதற்கு வங்காளமே சான்று. 1970 நவம்பர் 12ஆம் நாள் போலாத் தீவையும் அயற்கரையையும் தாக்கிய புயலில் மாண்டோர் மூன்று லட்சத்துக்கு மேற்படுவர் எனக் கூறுவர். அதன் பின்னர் வங்காளதேசத்திற் புயற்காப்பிடங்கள் எழுந்தன. ஊர்தோறும் எச்சரிக்கை கொண்டுசெல்லும் தொண்டர் படை அமைந்தது. 1991ஆம் ஆண்டுப் புயலில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோரும், 2007ஆம் ஆண்டுச் சிடர்ப் புயலில் ஏறத்தாழ 3,400 பேரும் மாண்டனர். காற்று தணியவில்லை, மக்கள் கற்றுக்கொண்டனர். துயர நினைவு கட்டடமாகவும் கட்டளையாகவும் பழக்கமாகவும் மாறியபோது உயிர்கள் தப்பின.

இலங்கையிலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின், 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் 'புரேவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் வந்த 'தித்வா', காற்றினும் மழையாலேயே நாட்டை வருத்திற்று. மலைநாட்டின் மண்சரிவும் ஆறுகளின் பெருக்கும் அறுநூறுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தன. ஒரு புயல் காற்றாலும், ஒரு புயல் கடலாலும், ஒரு புயல் வெள்ளத்தாலும் கொல்லும். ஆகையால் ஒன்றின் நினைவு மட்டும் போதாது; ஒவ்வொன்றின் நினைவும் வேண்டும். குளத்தின்கீழ் வாழும் ஊர்கள் இதனை மறத்தலாகாது. 1986 ஏப்ரலிற் புயல் ஏதுமின்றியே கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அணையின் காவலும் சூறாவளிக் காவலின் ஒரு பகுதியே என்க.

1964ஆம் ஆண்டில் இளைஞராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். இடையில் நிகழ்ந்த நெடும்போரும் இடப்பெயர்வும் ஊரவரையும், அவர்தம் ஏடுகளையும், கோயிற் கணக்குகளையும் சிதறடித்தன. காற்று எத்திசையில் முதலில் வந்தது, எந்நாழிகையில் ஓய்ந்தது, நீர் எவ்வயல் வரை ஏறியது, எக்கிணறு முதலில் நன்னீர் தந்தது, விதைநெல்லை யார் யாருக்குக் கொடுத்தார் என்பன அவர் நெஞ்சில் மட்டுமே எஞ்சியுள்ள செய்திகள். இவை பழங்கதையல்ல, மீண்டும் ஒரு சூறாவளி வரும் நாளில், எந்த மேட்டில் ஏறுவது, எந்த வழியைத் தவிர்ப்பது என்பதை உரைக்கும் நிலவரைபடங்கள்.

கல்லூரி மாணவர் தத்தம் ஊர் முதியோரை அணுகி, அவர் கூறுவனவற்றை நாளும் இடமும் குறித்து எழுதி வைப்பாராயின், அஃது எந்நூலகத்திலும் கிடைக்காத வரலாற்று மூலமாகும். இடிக்கப்பட்ட கோயிலின் தெய்வத்தை மறைவிற் காத்து அடுத்த தலைமுறைக்கு அளித்த ஊர் தம்பலகாமம். அவ்வூர் தன் துயரத்தின் நினைவையும் அவ்வாறே காத்து அளித்தல் தகும். விதைநெல்லைப் போலவே நினைவும், உரிய காலத்திற் சேமிக்கப்பட்டாலன்றி அடுத்த போகத்துக்கு உதவாது.